மோசல் சரிவில் ஒரு மதில்

விடிந்தும் விடியாத வேளை. ஜெர்மனியின் மோசல் ஆற்று மூடுபனி மலையேறி வந்தது. பவளம் ஒரு காலை மேலேயும் மறுகாலைக் கீழேயும் ஊன்றித் திராட்சைக் குலைகளை வெட்டினாள். அந்தச் சரிவில் ஆடும் நேராக நிற்காது. ஈரக் கற்பலகைகள் நழுவின. விறைத்த விரல்களில் சாறு பிசுபிசுத்தது.

கீழே ஆறு வளைந்து வந்த திசைக்கே திரும்பியது. வெயில் விழும் இந்தக் கரையில் திராட்சை. நிழல் விழும் எதிர்க்கரையில் காடு. பகலில் குடித்த சூட்டை இரவில் கொடிக்கு ஊட்டுவது இந்தக் கறுப்புக் கல்தான். ஆனால் முதலாளி ஹார்ட்விக், விருந்தினருக்கு வைன் ஊற்றும்போது, எல்லாம் தன் பரம்பரையின் கைவண்ணம் என்பார். அந்தக் கையில் மண் பட்டதைப் பவளம் பதினொரு அறுவடையில் கண்டதில்லை.

சரிவின் மண்ணைத் தாங்கிய கல்மதில் மழையில் ஊறி வயிறு தள்ளி நின்றது. முந்தாநாளே அவரிடம் சொன்னாள்.

"முந்நூறு வருடமாக நிற்கிறது. உன்னைக் கேட்டா நின்றது?" என்றார்.

எட்டு மணிக்கு அது சரிந்தது. கூட வேலை செய்த அம்புறோசின் கால் கற்களுக்கடியில் நசுங்கியது. எல்லோரும் வெறுங்கையால் கல்லைப் புரட்டினார்கள். ஹெலிகொப்டர் அவனைத் தூக்கிப் போனது.

ஹார்ட்விக் காலில் பளபளக்கும் சப்பாத்தோடு வந்தார். முதலில் சிதறிய பழங்களைத்தான் பார்த்தார். பிறகு ஒரு விபத்து அறிக்கைத் தாளை நீட்டினார்.

"தவறான சப்பாத்து, வழுக்கி விழுந்தான். கையெழுத்துப் போடுங்கள். பதினொன்றுக்கு விருந்தினர் வருகிறார்கள், கற்களை அகற்றுங்கள்."

"அவன் வழுக்கவில்லை. மதில் விழுந்தது," என்றாள் பவளம்.

"நீ என்ன பொறியியலாளரா?"

"இல்லை. ஒருவரைக் கூப்பிடச் சொல்லித்தான் முந்தாநாள் கேட்டேன்."

"உன் இடத்துக்கு நாளைக்கே வேறு ஆள் வரும்."

"அவருக்கும் இதே மதிலைத்தானே காட்டுவீர்கள்?"

பக்கத்து வரிசையில் பழம் வெட்டிய யோகலிங்கம் அவள் காதருகே குனிந்தான். "அக்கா, வேலை போயிடும்."

"ஓம், போகும். இதில கையெழுத்து வைச்சா, பிழை அம்புறோசின்ர தலையில விழும். என்னால ஏலாது தம்பி."

பவளம் குலை வெட்டும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். உள்ளூர்க்காரி மெலனியும் வைத்தாள். யோகலிங்கம் சற்று நின்றான். பிறகு தாளை வாங்கி, எழுதியிருந்ததைக் கோடு போட்டு வெட்டி, 'மதில் சரிந்தது' என்று ஜெர்மன் மொழியில் எழுதிக் கையெழுத்திட்டான். தாள் கைமாறிக் கைமாறிப் போனது. எல்லோரும் ஒப்பமிட்டார்கள்.

ஹார்ட்விக் கத்தினார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கிப்போய், விருந்தினர் வைன் சுவைக்கும் கூடத்தின் வாசலில் உட்கார்ந்தார்கள். மதில்களைச் சோதிக்கும்வரை மலையேறுவதில்லை என்று முடிவு.

பதினொரு மணிக்கு, விருந்தினருக்கு முன்னமே, பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்யும் ருமேனியர்கள் சேற்றுக் கால்களோடு வந்தார்கள்.

"எங்கள் பக்கமும் இதே கதைதான்," என்றான் ஒருவன்.

பவளம் நகர்ந்து இடம் விட்டாள்.