ஒற்றைச் சந்தா

கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன வாடகை சார், சொல்ல வந்ததைப் பேருந்திலேயே பல விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தார். 'மேடம், நான் கடையைச் சாத்துறேன்' என்றால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். 'என் மனைவிக்கு மறுபடியும் ஆபரேஷன்' என்றால் பிச்சை கேட்பதுபோல் இருக்கும். எப்படிச் சொன்னாலும் அந்த அம்மாளுக்குத் தலையில் இடி விழுந்ததுபோல்தான். அவர் எழுதிய புரோகிராமை நம்பித்தானே பள்ளியே நடக்கிறது. அவருக்கு மிச்சமிருக்கும் வாடிக்கையாளரும் அந்த அம்மாள் ஒருத்திதான்.

வாடகை சார் என்பது கேலியாக ஒட்டிக்கொண்ட பெயர். ஒரு காலத்தில் தான் எழுதிய கணக்குப் புரோகிராமை விற்க, பை நிறைய டிஸ்குகளோடு கடை கடையாக ஏறி இறங்கியவர். கட்டண விதி ஒன்று மாறினால் போதும், அத்தனை கடைக்கும் மறுபடி நடக்க வேண்டும். ஒரு மழைநாளில் பை நனைந்து எல்லாம் பாழானபோதுதான் அந்த யோசனை வந்தது. புரோகிராமை எதற்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்? அது என் அறையிலேயே இருக்கட்டும். அவர்கள் தொலைபேசிக் கம்பி வழியாக வந்து வேலையை முடித்துக்கொள்ளட்டும், மாதாமாதம் கொடுப்பதைக் கொடுக்கட்டும். "புரோகிராம் வாடகைக்கா? வெள்ளையடிச்சுக் குடுப்பீங்களா சார்?" என்று சிரித்தார்கள். சிரித்தவர்களே பிறகு தேடி வந்தார்கள். தான் பிறப்பதற்கு முன்பே பெரிய கணினிகளின் நேரத்தை இப்படித்தான் மணிக்கணக்கில் விற்றிருக்கிறார்கள் என்று எங்கோ படித்தபோதுகூட அவருக்கு வருத்தமில்லை. பெரிய கம்பெனிகள் அதே யோசனையோடு, வழுவழுப்பான திரைகளோடு வந்து குதித்தபோதுதான் பயந்தார். வாடகைக்கு இருப்பவர்கள் எந்த மாதம் வேண்டுமானாலும் காலி செய்துகொண்டு போகலாம் என்பதை அவர் யோசித்ததே இல்லை. ஒவ்வொருவராகப் போனார்கள். சொல்லிக்கொண்டு போனவர்கள் குறைவு.

மனைவி மகள் வீட்டுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. இவர் அந்த அறையையும் கணினியையும் விட்டு நகரவில்லை. போன வருடம் அவளுக்கு இதய அறுவை சிகிச்சை. கிளம்ப வேண்டிய அன்று பார்த்து ஹார்ட் டிஸ்க் செத்துத் தொலைந்தது. பள்ளியில் ஒரு பெண்ணுக்கு அந்த வாரம் லைசென்ஸ் தேர்வு; அவளுடைய பயிற்சிக் கணக்கெல்லாம் அதற்குள். யாரோ பெற்ற பிள்ளை, நம்மால் கெடக் கூடாது என்று உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக மீட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மனைவி தையலோடு படுத்திருந்தாள். "அந்தப் பொண்ணு பாஸ் பண்ணிட்டாளா?" என்று மட்டும் கேட்டாள். குத்தலா, நிஜமாகவே கேட்டாளா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. இந்த முறை கட்டாயம் கூட இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

பள்ளியின் முன்மேசையில் இருந்த பெண், வந்திருந்த ஒருவருக்கு வகுப்பு நேரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். திரையில் இருந்தது இவருடைய புரோகிராம் அல்ல. உள்ளறையிலிருந்து வந்த அம்மாள் இவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பிறகு இவர் பார்வை போன இடத்தைப் பார்த்தாள்.

"உள்ள வந்து உக்காருங்க சார்." தானே நாற்காலியை இழுத்துப் போட்டாள். "மாத்தி மூணு வருஷம் ஆச்சு."

"தினமும் காலையில என் புரோகிராமுக்குள்ள வர்றீங்களே மேடம்? புதுசா ஆள் சேக்கறீங்க, நான்தான் பாக்கறேனே."

"வாயில வந்த பேரைப் போடுவேன் சார். நிறுத்திக்கறேன்னு சொல்லப் போன் பண்ணுவேன். நீங்க எடுத்ததுமே 'ஒண்ணும் குறை இல்லையே மேடம்'னு கேப்பீங்க. எனக்கு வாய் வராது. வேலை போனப்புறம் எங்கப்பா வீட்டுல உக்காந்திருந்தது இன்னும் கண்ணுலயே நிக்குது."

அவர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். "ஹார்ட் டிஸ்க் போனப்ப... தேர்வுக்குப் போக வேண்டிய பொண்ணு?"

அம்மாள் தரையைப் பார்த்தாள். "அப்படி ஒரு பொண்ணே கிடையாது சார்."

வெளியே பயிற்சிக் கார் ஒன்று உறுமி, குலுங்கி, நின்றது. யாரோ சிரித்தார்கள்.

"நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல மேடம். இந்தப் பக்கம் ஒரு வேலை."

"சந்தா அது பாட்டுக்கு இருக்கட்டும் சார். நான் நிறுத்தல." அவர் தலையாட்டினார். அவமானமாக இருந்தது, அதைவிட அவளுடைய நல்ல மனதைத் தாங்க முடியாமல் இருந்தது.

அவர் அறைக்குத் திரும்பி விளக்கைப் போடுவதற்குள் மனைவி அழைத்துவிட்டாள்.

"சொல்லிட்டீங்களா? அந்தம்மா என்ன சொன்னாங்க?"

ஒரு வார்த்தை போதும், நாளைக்கே கிளம்பிவிடலாம். ஆனால் போன வருடம் யாருக்காக அவளைத் தனியாக விட்டார் என்பதையும் சொல்ல வேண்டிவரும்.

"அழுதுட்டாங்கம்மா" என்றார். "இன்னும் கொஞ்ச நாள்னு கெஞ்சறாங்க. விடவே மாட்டேங்கறாங்க."



"பாவம்" என்றாள் அவள். "அவங்களுக்கும் உங்களை விட்டா யாரு இருக்கா. சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்று அதற்கும் ஒரு பொய் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். எழுந்து கணினியின் பின்பக்கம் போனார். அங்கே வந்துகொண்டிருந்த வெதுவெதுப்பான காற்றில் இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார்.