கைப்பிள்ளையோடு சேர வந்தவள்

பள்ளி திறந்த முதல் நாள் காலையில், ஏழு வயது நல்லம்மாள் இடுப்பில் கைப்பிள்ளையோடு முதலாம் ஆண்டில் சேர வந்து நின்றாள். அறுபத்தெட்டு வயது நல்லம்மாள் அப்போது அதே பள்ளியின் கேண்டீனில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே ஆள்தான். இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. இடது புருவத்துத் தழும்பு இரண்டு முகத்திலும் இருந்தது.

மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளி அது. பத்துப் பிள்ளைகள் இருந்தால் துரை பள்ளிக்கூடம் போட்டாக வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்தில் சட்டம் வந்தது. அதற்குப் பயந்து மாட்டுக் கொட்டகை மாதிரி ஒன்றைப் போட்டார்கள், தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணிதான் வாத்தியார். பிறகு பலகைச் சுவர் வந்தது, நாடு சுதந்திரம் வாங்கியது, அரசாங்கம் பாடநூலைச் சும்மா கொடுத்தது, ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள், லயத்து வீடுகளில் இருந்த சனத்தில் பாதி புஞ்சாக் ஆலாம் பட்டணத்துக்குப் போனது, பள்ளிக்குக் கணினி அறைகூட வந்தது. ஆனால் ஆத்தா அப்பன் தோட்ட வேலைக்குப் போனால் கைப்பிள்ளையை மூத்த பெண்தான் பார்க்க வேண்டும் என்ற வழக்கத்தை எந்தச் சட்டமும் தொட்டுப் பார்க்கவில்லை.

அன்றைக்குக் காலைச் சபையில் மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் பள்ளி வாரியத் தலைவர் புனிதன். நல்லம்மாளின் தம்பி, ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி. வருடா வருடம் சொல்வதையே சொன்னார்: "எங்கக்காவுக்குப் படிப்புல நாட்டமில்ல. நான் படிச்சேன், பொழைச்சேன்." அக்கா வழக்கம்போல் கேண்டீனில் அடுத்த பொட்டலத்தைக் கட்டினாள். அப்போதுதான் அந்தச் சிறுமி வந்தாள். தலைமையாசிரியை விமலா, யார் வீட்டுப் பிள்ளை என்றுகூடப் பார்க்காமல், "கைப்பிள்ளையோட கிளாஸ்ல உக்கார முடியாதும்மா, வீட்ல விட்டுட்டு வா," என்றார். சிறுமி அழவில்லை, கெஞ்சவுமில்லை. திரும்பி நடந்தாள்.

கேண்டீனில் கரண்டி விழுந்தது. "அன்னைக்கும் வாத்தியாரு இதத்தான் சொன்னாரு," என்றாள் பெரிய நல்லம்மாள். "அப்புறம் நான் வரவே இல்ல."

புனிதன் அப்போதுதான் கைப்பிள்ளையைப் பார்த்தார். அந்த இடுப்பிலிருந்த முகம், அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படத்து முகம். அவரையே ஒரு வயதில் எடுத்த படம். அறுபதைத் தாண்டிய மனுஷன், மைக்கைக்கூடக் கீழே வைக்காமல் ஓடினார். வாசலை மறித்து மண்டியிட்டார். அவர் மூச்சு வாங்குவது பள்ளி முழுக்கக் கேட்டது.

"பிள்ளைய என்கிட்ட குடு. நீ போய் உக்காருக்கா."

"அழுவான்," என்றாள் சிறுமி.

"அழட்டும்லா."

மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி பிறப்புப் பத்திரம் கேட்டார். பெரியவள் தன்னுடையதைக் கொடுத்தாள். பெயர் சரியாக இருந்ததால் பதிந்துகொண்டார். சின்னவள் வகுப்பில் படிக்கும் எழுத்து, அன்று மத்தியானமே கேண்டீனில் பெரியவளுக்கும் வந்துவிடுகிறது. இப்போது மீகூன் சேமியா பாக்கெட்டைப் படித்துவிட்டுத்தான் பிரிக்கிறாள். புனிதன் தினமும் வகுப்புக்கு வெளியே, கைப்பிள்ளையான தன்னையே மடியில் வைத்து ஆட்டிக்கொண்டிருக்கிறார். பிள்ளை நனைத்துவிடும் என்பதால் மாற்றுச் சட்டை கொண்டுவருகிறார். சின்னவள் ஆறாம் ஆண்டு முடிக்கும்வரை அவர் தூக்கித்தான் ஆகவேண்டும். இதில் ஊரில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை, அவருக்கும் இல்லை.