கட்டில் தூக்க ஆள்

புஷ்பா கட்டில் சட்டத்துக்கு அடியில் தோளைக் கொடுத்து முட்டித் தூக்கினாள். தலைமாட்டுக் கால் தரையை விட்டு இரண்டு விரல் எழும்பியது. காலுக்கடியில் செங்கல்லைத் தள்ளுவதற்குள் தோள் சறுக்கிவிட்டது. கட்டில் இறங்கி அவள் விரல்மேல் உட்கார்ந்தது. சத்தம் போடாமல் விரலை உருவி வாயில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்குள் கணுக்காலுக்கு மேல் தண்ணீர்.

“உட்டுடு புஷ்பா,” என்றார் கட்டிலில் கிடந்த ஜேம்ஸ். “ஒத்த ஆளால ஆவாது. சம்பத்தக் கூப்டு. சபையில கீறவங்க நாலு பேரு வந்தா ஒரு நிமிட்டு வேல.”

“மழை விடட்டும்.”

“பாஸ்டரையும் வரச் சொல்லு. ராப்போஜனம் எடுத்து எத்தினி வருசமாவுது.”

“மழை விடட்டும்னு சொல்றேன்ல.”

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் எதையும் இரண்டு தடவைக்கு மேல் கேட்டதில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டராக இருந்தவர். இருமல் என்று ஆரம்பித்தது, நுரையீரல் முழுக்கப் போய்விட்டது என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பி வைத்ததன் அர்த்தம் இரண்டு பேருக்கும் தெரியும். பிள்ளைகள் இல்லை. புஷ்பா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, தெருக்கதவைச் சாத்திக்கொண்டு, தனியாகவே எல்லாம் பார்த்தாள். சபைப் பெண்கள் வராத நேரமாகப் பார்த்துக் குழாயடிக்குப் போனாள்.

அண்ணனூர் சபையில் பெண்கள் சங்கத்துக்கு அவள்தான் தலைவியாக இருந்தாள். உபதேசியார் மகள், டீச்சர், ஜெபம் பண்ணினால் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவளைத் தவிர வேறு யார் என்று அவளும் நினைத்திருந்தாள். ஒரு வருஷம் பெண்கள் வனஜாவுக்குக் கைதூக்கிவிட்டார்கள். செம்பரம்பாக்கம் பக்கம் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்திலிருந்து வந்தவள் வனஜா. சம்பத்தைக் கட்டிக்கொண்ட பிறகுதான் ஞானஸ்நானம் எடுத்தாள். அன்றைக்குச் சபைக் கோயில் வாசலில் நின்று புஷ்பா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: “கையெழுத்துப் போடத் தெரியாதவ கையில சங்கத்தக் குடுத்துட்டீங்க. சேத்துல நின்ன காலு, பீடத்துக்கிட்ட நிக்கட்டும். நல்லா இருங்க.”

வனஜா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஜேம்ஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு புஷ்பாவுக்குப் பின்னால் வந்தார். அதற்குப் பிறகு அவர்கள் அந்த வாசலை மிதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும்போது அவர் எழுந்துபோய் ஜன்னலோரம் நிற்பார். அவள் ரேடியோவைத் திருகுவாள்.

மத்தியானம் மழை இன்னும் வலுத்தது. கஞ்சியை ஸ்பூனால் ஊற்றினாள்; கடைவாயில் வழிந்தது. நகங்கள் நீலம் பாரித்திருந்தன. தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டு, பிறகு நாடா வழியாக மெத்தைக்குள் ஏறியது. அவருக்கு அடியில் மடித்து வைத்த புடவைகளும் ஊறிவிட்டன. அவர் தோளைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தாள். உடம்பு குச்சியாய் இளைத்திருந்தும் அவளால் முடியவில்லை.

“முதுவு நனையுது புஷ்பா,” என்றார். குறை சொல்வது மாதிரி இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னார்.

அவள் புடவையைத் தூக்கிச் செருகினாள். “இதோ வந்துடறேன்.”

“பாத்து போ. கேட்டாண்ட பள்ளம் கீது.”

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் மேட்டில் இருந்தது கோயில். தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனாள். சம்பத்தின் வீட்டில் பூட்டு தொங்கியது. கோயிலில்தான் எல்லோரும் இருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒருவர் கத்திச் சொன்னார். அவள் அங்கேயே கொஞ்சநேரம் நின்றாள். மேட்டில் ஏற வேண்டிய படிகளைப் பார்த்தாள்.

கோயிலுக்குள் பெஞ்சுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, குடிசைகளில் தண்ணீர் புகுந்தவர்களைத் தங்க வைத்திருந்தார்கள். தாழ்வாரத்தில் வனஜா பெரிய அண்டாவில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள். தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் அன்றைக்குக் கைதூக்கியவர்கள்தான். தொப்பலாக நனைந்து படியேறி வந்தவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

அடுக்கிவந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.

“கட்டிலத் தூக்கணும்,” என்றாள் புஷ்பா. “என்னால முடியல.”

வனஜா கரண்டியைப் பக்கத்தில் இருந்தவள் கையில் திணித்தாள். “யோவ்!” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். “ஜேம்ஸ் அண்ணனுக்கு முடியலியாம். கோவிந்தராஜையும் இட்டுகினு ஓடியா. பாஸ்டர் ஐயா, நீங்களும்!” இறங்கி வந்து புஷ்பாவின் கையைப் பிடித்தாள். “வா டீச்சர்.”

தண்ணீரில் நடக்கும்போது புஷ்பா அந்தக் கையை உதறவில்லை.

கதவு அவள் விட்டுவந்தபடியே பாதி திறந்து கிடந்தது. ஜேம்ஸ் சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். வலது கை கட்டிலிலிருந்து தொங்கி, விரல்கள் தண்ணீரில் கிடந்தன. தண்ணீர் அசைந்தபோது விரல்களும் அசைந்ததால், புஷ்பா “ஆள் வந்தாச்சு, எழுந்திரிங்க,” என்றாள். சம்பத் குனிந்து மூக்கருகில் கை வைத்துப் பார்த்தான். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

போதகர் பின்னால் வந்து வாசலில் நின்றார். ராப்போஜன அப்பமும் ரசமும் வைக்கும் சின்னப் பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, மழை படாமல் சட்டைக்குள் வைத்து எடுத்து வந்திருந்தார். அதை வெளியே எடுக்காமல் சட்டைக்கு மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“தூக்கலாண்டா,” என்றான் சம்பத்.

“இன்னும் எதுக்கு…” என்று கோவிந்தராஜ் இழுத்தான்.

“அவுங்க கேட்டாங்க இல்ல. தூக்கு.”

ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். போதகரும் வனஜாவும் மற்ற இரண்டு மூலைகளைப் பிடித்தார்கள். கட்டில் சுலபமாக மேலே எழும்பியது. புஷ்பா குனிந்து ஒவ்வொரு காலுக்கும் கீழே செங்கல் வைத்தாள்.

ஈர மெத்தையை எடுத்துப் போட்டுவிட்டு, வனஜா கோயிலிலிருந்து வெந்நீர் கொண்டுவரச் சொன்னாள். ஆண்கள் வெளியே போனார்கள். இரண்டு பெண்களும் அவரைத் துடைத்தார்கள். முதுகு வெளுத்து, தண்ணீரில் ஊறிய விரல் மாதிரி சுருங்கியிருந்தது. புஷ்பா அந்த இடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். வனஜா துணியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“வனஜா, அன்னிக்கு நான் வாசல்ல நின்னு…”

“அத்த இப்ப பேசாத.” வனஜா வெள்ளைச் சட்டையின் கையைச் சுருட்டிப் பிடித்தாள். “அண்ணன் படுத்துக்கீறாருன்னு எனக்குத் தெரியும். படுக்கையாவறதுக்கு முன்னாடி அவரே ஒருதபா கேட்டாண்ட பாத்துச் சொன்னாரு, ஊட்டாண்ட வாம்மான்னு. நான் வர்ல. உன் மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு இருந்தேன். தண்ணி ஏறுது, உங்கூடு பள்ளத்துல கீதுன்னும் தெரியும். ஊருக்கெல்லாம் ஆள் அனுப்பினேன். இங்க அனுப்பல.” அவள் சட்டையை ஜேம்ஸின் தோளருகே கொண்டுபோனாள். “கையத் தூக்கு டீச்சர். சட்டைய மாட்டலாம்.”

புஷ்பா கணவனின் கையைத் தூக்கிப் பிடித்தாள்.

அம்பத்தூர் ரோடு மூழ்கிக் கிடந்ததால் சவப்பெட்டி வாங்கப் போக வழியில்லை. சபையின் பெஞ்சுகளில் இரண்டைப் பிரித்து, சம்பத் கோயில் தாழ்வாரத்தில் வைத்து ஆணி அடித்தான். மறுநாள் காலை மழை தூறலாகக் குறைந்தபோது, கோயிலுக்குப் பின்னால் இருந்த கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டினார்கள். வெட்ட வெட்ட ஊற்று வந்தது. வாளி, குடம், உப்புமா கிண்டிய அண்டா எல்லாவற்றையும் வைத்து இறைத்தார்கள். ஆண்கள் குழிக்குள் நின்று மொண்டு கொடுக்க, பெண்கள் வரிசையாக நின்று வாங்கி அந்தப் பக்கம் கொட்டினார்கள். புஷ்பாவை யாரோ ஒரு கல்லில் உட்கார வைத்தார்கள். அவள் எழுந்துபோய் வரிசையில் நின்றாள். வனஜா ஓர் அடி நகர்ந்து இடம் விட்டாள்.

ஆனாலும் பெட்டியை இறக்கும்போது குழியில் முழங்கால் தண்ணீர் இருந்தது. பெட்டி மிதந்தது. சம்பத்தும் கோவிந்தராஜும் இரண்டு பக்கமும் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். போதகர் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தார். மண் விழ விழ, பெட்டி மெதுவாகத் தரை தட்டியது. புஷ்பா அதுவரை அழவில்லை. அப்போதும் அழவில்லை, வாயைத் திறந்து மூச்சை மட்டும் விட்டாள்.

எல்லோரும் திரும்பினார்கள். புதிதாகப் போட்ட மண்ணைச் சுற்றி வரும்போது வனஜாவின் கால் முட்டி வரை சேற்றில் இறங்கிவிட்டது. இழுத்தாள், கால் வந்தது, செருப்பு வரவில்லை. ஒற்றைக் காலில் தடுமாறிப் பக்கத்துக் கல்லறையின் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள்.

புஷ்பா மண்டியிட்டு, சேற்றுக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினாள். செருப்பை எடுத்தாள். தேங்கி நின்ற தண்ணீரில் அலசினாள். கையில் தண்ணீர் மொண்டு வனஜாவின் கணுக்காலில் ஊற்றி, அப்பியிருந்த களிமண்ணை விரலால் வழித்தாள்.

“ஐயோ, இன்னாக்கா இது, வுடு,” என்றாள் வனஜா.

புஷ்பா விடவில்லை. விரலிடுக்கில் இன்னும் மண் இருந்தது.