பக்கத்து வீட்டில் இறக்கிய பார்சல்

மாதவரம் கிடங்கில் பெட்டிகளோடு பெட்டியாக ஆட்களையும் ஏற்றி அனுப்புவார்கள். பஸ்ஸைவிட மலிவு, பக்கத்து சீட்டுக்காரர் தோளில் சாய்ந்து குறட்டை விடும் தொல்லையும் கிடையாது. ஓசூரில் வேலை பார்த்த இளம்பரிதி, பொங்கலுக்கு மாதவரம் வீட்டுக்கு வரத் தன்னைப் பார்சல் போட்டுக்கொண்டான். ஆடி பிறந்தும் வந்து சேரவில்லை.

அவன் மனைவி சுகிர்தா அந்தக் கிடங்கில்தான் கணினி வேலை பார்த்தாள். பழைய மென்பொருளில் அவன் பெயரைத் தட்டினால் ‘வழியில்’ என்று மட்டும் வரும். அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குச் சோறு இறங்காமல் போனது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் தங்கள் தேவைக்குத் திருத்திக்கொள்ளும் மென்பொருள் ஒன்று இருந்தது. முதலாளி ஹனீபாவிடம் சொல்லி அதைக் கொண்டுவந்தாள். லாரி, வழித்தடம், அலமாரி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். எண்ணெய் டின்னுக்குக் கேட்கும் காலாவதித் தேதியை ஆட்களுக்குக் கேட்காதபடி செய்தாள். ஒருநாள் இளம்பரிதி திரையில் அகப்பட்டான்: கிருஷ்ணகிரிக் கிடங்கு, மின்விசிறிகளுக்குப் பின்னால். சுகிர்தாவுக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு, அடுத்த லாரியில் அவனை ஏற்றும்படி பதிந்தாள்.

முதலாளிக்கும் ஓர் ஆசை இருந்தது. “திரும்பி வர்ற சரக்கால என் உசிரு போகுதும்மா. கையெழுத்துப் போட்டு வாங்கிட்டா வாங்கினதுதான். திருப்புற வசதியையே தூக்கிரு.”

தூக்கினாள். திருத்தியதை எல்லாருக்கும் கொடுப்பது அந்த மென்பொருள்காரர்களின் வழக்கம், கொடுத்தாள். உலகத்திலுள்ள கிடங்குகள் எல்லாம் மறுபேச்சின்றி எடுத்துக்கொண்டன.

மறுநாள் வேலை மும்முரத்தில் இருந்தபோது போன் வந்தது. “மேடம், பார்சல் இருக்கு. வீடு பூட்டியிருக்கே?”

“பக்கத்து வீட்ல குடுத்துருங்க,” என்றாள், ஊரே சொல்வதுபோல. போனை வைத்த பிறகுதான் அது எந்தப் பார்சல் என்று உறைத்தது. ஆட்டோ பிடித்து ஓடினாள்.

பக்கத்து வீட்டு ஆன்சிலா கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள். இளம்பரிதி அந்த வீட்டு மேஜையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மெலிந்திருந்தான்.

“நீ சொன்னேன்னு வாங்கினேன் சுகி. திருப்பிக் குடுக்க வழியே இல்லையாமே?”

“இல்லக்கா,” என்றாள் சுகிர்தா. அவளைவிட யாருக்குத் தெரியும்?

இளம்பரிதி நிமிர்ந்து பார்த்தான். “சாப்ட்டியா?”

“சாப்ட்டேன்,” என்று பொய் சொன்னாள். அவன் தோளைத் தொட வேண்டும்போல் இருந்தது. கையெழுத்து ஆன்சிலாவுடையது, தொடாமல் வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆன்சிலா இளம்பரிதியைக் கூட்டிக்கொண்டு மீன் வாங்கப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து அவளுக்கு ஒரு பெரிய பார்சல் வந்தது. வீடு பூட்டியிருந்ததால் சுகிர்தா கையெழுத்துப் போட்டு வாங்கினாள். உள்ளே, சூரத்தில் வேலை பார்த்த ஆன்சிலாவின் கணவர் அமலதாஸ் இருந்தார். அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் இளம்பரிதி இருமினான். ஆன்சிலா ஏதோ சொல்லிச் சிரித்தாள். அமலதாஸ் நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திப் போட்டார். சுகிர்தாவுக்கும் ஒன்று போட்டார்.