கூடத்துக்கு அடியில் நிற்கும் வெந்நீர்

எங்கள் வீட்டு வெந்நீருக்குப் பேச்சுக் கேட்கும் பழக்கம் உண்டு. சமையலறை கீசரிலிருந்து கிளம்பி, கடைசி அறைக் குளியலறைக்குப் போகும் வழியில் கூடத்துக்கு அடியில் நின்றுவிடும். மேலே என் மனைவி பொற்கொடி தோழியோடு போனில் பேசிக்கொண்டிருப்பாள். அவள் முடித்த பிறகுதான் நகரும். வந்து சேர்வதற்குள் ஆறிவிடும். குன்னூர்க் குளிரில் அதை யாரும் தொடமாட்டார்கள்.

முழங்கால் அறுவைக்குப் பிறகு மாமனார் தில்லைநாயகம் எங்களோடு தங்க வந்தார். நடமாட முடியாததால் குளியலறை ஒட்டிய கடைசி அறை அவருக்கு. காலுக்கு நல்ல சூட்டில் வெந்நீர் ஊற்றவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாளியில் தூக்கிப் போய்ப் பார்த்தேன். கூடத்தைத் தாண்டும்போது வாளி கனத்துத் தரையில் உட்கார்ந்துகொண்டது.

பொற்கொடி ஒருநாள் பேசாமல் இருந்து பார்த்தாள். அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று வெந்நீர் இன்னும் அதிக நேரம் நின்றது.

"அங்க இதைவிட நல்ல பேச்சு நடந்தா தானா போகும். நீங்களும் அப்பாவும் பேசுங்க" என்றாள்.

சிக்கலே அதுதான். மாமனார் எங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். "சாப்பிட்டாச்சா", "ஆச்சு" என்பதைத் தாண்டி நாங்கள் இருவரும் பேசியதில்லை.

அவரைக் குளியலறை ஸ்டூலில் உட்காரவைத்துக் குழாயைத் திறந்தேன். ஐஸ் மாதிரி விழுந்தது.

"ஏதாவது சொல்லுங்க மாமா."

அவர் கணக்கு வாத்தியாராக இருந்தவர். வட்டத்தின் பரப்பளவைப் பற்றி ஆரம்பித்தார்.

"கீசருக்கே திரும்பி வந்துடுச்சு!" என்று சமையலறையிலிருந்து பொற்கொடி கத்தினாள். "வேற பேசுங்க!"

எனக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. "கல்யாணத்துக்கு ஏன் மாமா வரல?" என்று கேட்டுவிட்டேன்.

குழாய் கடக்கென்றது.

"வந்தேன்" என்றார்.

தண்ணீர் வெதுவெதுப்பானது.

"மண்டப வாசல் வரைக்கும் வந்தேன் மாப்பிள்ளை. பொற்கொடி தலையில கிடந்த அட்சதையை நீங்க ஒண்ணொண்ணா எடுத்துட்டிருந்தீங்க. அவ சிரிச்சுட்டிருந்தா. உள்ள வந்தா அழுதுடுவேன்னு தோணுச்சு. அத்தனை பேர் முன்னாடி எப்படி…"

நிறுத்தினார். தண்ணீரும் குழாயின் வாய்வரை வந்து நின்றது.

"அப்புறம்?" என்றேன்.

"எதிர்க்கடையில புரோட்டா தின்னுட்டு பஸ் ஏறிட்டேன்."

ஆவி பறக்கக் கொட்டியது. குளியலறை முழுக்கப் புகைமூட்டமாகி, அவர் முகமே தெரியவில்லை. அதுவும் நல்லதுதான். என் முகமும் அவருக்குத் தெரிந்திருக்காது. அளவாக விளாவி முழங்காலில் மெதுவாக ஊற்றினேன்.

"சூடு போதுமா மாமா?"

"போதும். அந்தப் புரோட்டாதான் ரொம்ப மோசம்."

மறுநாள் காலை குழாயைத் திறந்ததும் வெந்நீர் தொட்டி நிறைந்து வழிந்தது. சற்று நேரத்தில், தலையெல்லாம் சோப்பு நுரையோடு எதிர்வீட்டு ஜெயசீலன் வந்து நின்றார்.

"எங்க வீட்டு வெந்நீர் இங்க வந்துச்சா?"

"உள்ளதான் இருக்கு. அப்பா இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கார்" என்றாள் பொற்கொடி. அவருக்கும் ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டாள்.