சொல்லிக்கொள்ளாமல்

கமலத்தின் கணவர் தசரதனின் உடல் கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தது. மாடியில் குடியிருந்த கொரியாக்காரி சன்மி விடிந்ததிலிருந்து கமலத்தின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதியம் தன் கணவருக்குக் கஞ்சி வைத்துக்கொடுக்க எழுந்தவள், வாசலில் நின்று கைகூப்பி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "போய்ட்டு வரேங்க்கா."

ஒப்பாரி சட்டென்று நின்றது. தசரதனின் தங்கை அடிக்கப் போவதுபோல எழுந்துவிட்டாள். சன்மிக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனைக்கும் அவள் இந்த ஊரில் முதலில் கற்றுக்கொண்டதே அந்தச் சொல்தான்.

ஊழியம் செய்ய அவளும் கணவர் பாஸ்டர் யூனும் நசரத்பேட்டைக்கு வந்தபோது, வகுப்பில் படித்த தமிழோடுதான் வந்தார்கள். "ஐயா, அரை கிலோ இறைச்சி தாருங்கள்" என்று அவள் கேட்டால் கறிக்கடைக்காரர் வெட்டுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார். பாஸ்டருக்குப் பிரசங்கம் செய்யத் தமிழ் வேண்டும். இவளுக்குப் பேசத் துணை வேண்டும். மாடிப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடியே கமலம் சொல்லிக்கொடுத்தாள். போறேன் என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது, அபசகுனம் என்பது முதல் பாடம். அதன்பிறகு சன்மி மாடிக்குப் போவதற்குக்கூட போய்ட்டு வரேன் என்று சொல்லித்தான் போவாள். பைபிள் கதையை எடுத்தால் மட்டும், உன் சாமி உனக்கு, எங்க வேம்புலியம்மன் எனக்கு என்று கமலம் சிரித்துக்கொண்டே முடித்துவிடுவாள்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு கமலமே பக்குவமாக எடுத்துச் சொன்னாள்.

"சாவு ஊட்ல சொல்லிக்கினு போக்கூடாது சன்மி. திரும்பிப் பாக்காம போய்க்கினே இருக்கணும். வரேன்னு சொன்னா, இன்னொரு சாவுக்கு வரேன்னு அர்த்தமாயிடும்."

சன்மி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மறுநாளும் வருவேன் என்றுதான் சொன்னாளாம். சொன்னபடியே தினமும் வந்தாள். கமலம் சாப்பிடும்வரை தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று முறைப்படி சொல்லாமல் எழுந்து போன சொந்தக்காரர்களில் ஒருவரும் அதன்பிறகு அந்த வீட்டுப் படியேறவில்லை.

சில மாதங்களில் அவர்களுடைய விசா முடிந்தது, புதுப்பிக்க முடியவில்லை. பாஸ்டர் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். கமலம் கேட்டைத் திறந்து பிடித்தபடி நின்றாள். சன்மி இனி வரப்போவதில்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது.

சன்மி வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கமலத்தின் பொட்டில்லாத நெற்றியைப் பார்த்தாள். உள்ளே மாலை போட்ட தசரதனின் படத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்லப்போவதுபோல உதடு பிரிந்து, மூடிக்கொண்டது. கையை விட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்துபோய்க் காரில் ஏறிக்கொண்டாள்.

கார் கதவு மூடுவதைக் கமலம் பார்த்தாள். பாவி, சொல்லிக்கொடுத்ததை ஒரு தப்பும் இல்லாமல் செய்துவிட்டுப் போகிறாள். இது இன்னும் சாவு வீடுதான் என்று யார் இவளுக்குச் சொன்னது?

கார் குமணன்சாவடிப் பக்கம் திரும்பி மறைந்தபிறகுதான் அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

"போய்ட்டு வா, சன்மி."

கேட்டுக்குக் கொக்கி போட மனம் வரவில்லை. நெடுஞ்சாலையில் லாரி போகும்போதெல்லாம் அது மெல்லத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.