காணாமல் போன பெக்ஜே

குக் யுனாவின் வரலாற்று வகுப்பு என்றால் பிள்ளைகள் முன்கூட்டியே கொட்டாவி விட்டுத் தயாராகிவிடுவார்கள். ஒரு பாடத்துக்கு அறுபத்து நான்கு ஸ்லைடு. ஒவ்வொன்றிலும் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கோங்ஜு ஊரின் அந்த நடுநிலைப் பள்ளிக்கு அவள் இஞ்சொனிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஓவிய ஆசிரியை மின்ஜொங்தான் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"ஏண்டி யுனா, பசங்க நீ பேசுறதைக் கேக்கணுமா, திரையில இருக்குறதைப் படிக்கணுமா?"

"எல்லாமே முக்கியம்க்கா. எதை விடுறது?"

"அப்ப பாடப்புத்தகத்தைக் கிழிச்சு சுவத்துல ஒட்டிடு. கரண்டாவது மிச்சமாகும்."

யுனாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மே மாதத்தில் பெற்றோரும் சக ஆசிரியர்களும் பின்னால் உட்கார்ந்து பார்க்கும் வகுப்பு ஒன்று அவள் தலையில் விழுந்திருந்தது. அதற்காக உட்கார்ந்து வெட்டினாள், வெட்டினாள், பதினோரு ஸ்லைடில் வந்து நின்றாள். எழுத்தே கிட்டத்தட்ட இல்லை.

பாடம் ஆறாம் நூற்றாண்டு. பெக்ஜே, சில்லா என்ற இரண்டு அண்டை நாடுகள் கைகோத்துக்கொண்டு, வடக்கே இருந்த கொகுர்யோ நாட்டிடமிருந்து ஹான் ஆற்றுப் பக்கத்தைப் பிடித்த கதை. பிடித்த கையோடு சில்லா திரும்பிக்கொண்டு, கூட்டாளி பெக்ஜேயின் பங்கையும் பிடுங்கிக்கொண்டது. பெக்ஜேயின் தலைநகராக இருந்த ஊர் கோங்ஜு. அங்கே இதைப் பேசினால் நேற்று நடந்த சண்டை மாதிரி ஆளாளுக்குக் கோபம் வரும்.

ஐந்தாவது ஸ்லைடில் இருந்த வரைபடத்தில்தான் யுனாவின் உயிரே இருந்தது. கொகுர்யோ நீலம், மேற்கே பெக்ஜே பச்சை, கிழக்கே சில்லா செங்கல் சிவப்பு. எல்லைக்கோடு இல்லை, பெயர் இல்லை. பெயர்களைப் பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும். ஒரு தட்டுத் தட்டினால் சில்லாவிலிருந்து ஒரு சிவப்பு அம்பு பெக்ஜேயின் பச்சைக்குள் சரேலென்று பாயும்.

வகுப்பு அமர்க்களமாக நடந்தது. அம்பு பாய்ந்ததும் பிள்ளைகள் "ஓ!" என்றார்கள். பின்னால் இருந்த ஒரு அம்மா கூட "அடப்பாவி சில்லா" என்று வாய்விட்டே சொன்னார்.

முடிந்ததும் கருத்துச் சொல்லும் கூட்டம். எல்லோரும் பாராட்டி முடித்த பிறகு, துணைத் தலைமையாசிரியர் பியோன் தொண்டையைச் செருமினார். கணக்கு வாத்தியாராக இருந்து மேலே வந்தவர். அதிகம் பேசாத மனிதர்.

"குக் டீச்சர், படம் அழகா இருந்துச்சு. ஆனா பெக்ஜே எங்க?"

அறை முழுக்கச் சிரிப்பு. அவரும் லேசாகச் சிரித்தார். யுனாவுக்குக் காது வரைக்கும் சூடேறியது. மதிப்பீட்டுத் தாளில் 'படங்களின் தெளிவு' என்ற இடத்தில் ஐந்துக்கு இரண்டு போட்டிருந்தார்.

மத்தியானம் நூடுல்ஸ் கடையில் மின்ஜொங் முன்னால் கொட்டித் தீர்த்தாள்.

"நான் இஞ்சொன்காரியாம், பெக்ஜே அருமை எனக்குத் தெரியாதாம். அதானேக்கா குத்திக் காட்டுறாரு?"

"அந்த மனுஷன் அஞ்சு வருஷத்துல ஒரு ஜோக் அடிச்சு நான் பாக்கல. முதல்ல சாப்பிடு, ஆறிடப் போவுது."

நூடுல்ஸ் ஆறிவிட்டது, யுனாவுக்குத்தான் ஆறவில்லை. மறுநாள் பச்சையை இன்னும் அடர் பச்சையாக்கினாள், சிவப்பை இன்னும் அடர் சிவப்பாக்கினாள். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நேராகப் பியோனின் மேஜைக்குப் போய் நின்றாள்.

"சார், இப்ப பாருங்க. இப்பவாவது பெக்ஜே தெரியுதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டார்.

"இல்லையே."

வாய் வரைக்கும் வந்ததை யுனா அடக்கிக்கொண்டாள். "அப்ப சில்லா எதுன்னு காட்டுங்க சார்."

பியோன் விரலை வைத்தார். கிழக்குக் கடலோரம் தொடங்கி, நிற்காமல், மேற்குக் கடலோரம் வரைக்கும் இழுத்துக்கொண்டே போனார். "இது பூரா."

யுனா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"சார்... உங்களுக்குச் சிவப்பும் பச்சையும்..."

"ஒண்ணுதான். பொறந்ததுலேருந்து." அவர் குரலைத் தாழ்த்தினார். "நம்ம ஊரு சிக்னல் படுக்கையாத்தானே இருக்கு, இடப்பக்கம் எரிஞ்சா நிப்பேன், வலப்பக்கம் எரிஞ்சா போவேன். அதுல பிரச்சினை இல்ல."

"அப்ப நேத்து கேலி பண்ணலியா?"

"நிஜமாத்தான் கேட்டேன். நீங்க பெக்ஜேவ விட்டுட்டீங்களா, என் கண்ணு விட்டுடுச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சு வெச்சேன்."

"அம்பு?"

"என்ன அம்பு?"

"சில்லாலேருந்து பாஞ்சுதே, பசங்க 'ஓ'ன்னாங்களே..."

"ஓ, அதுக்கா? நானும் கூடவே 'ஓ'ன்னேன். ஒரே நாடு தன்னைத்தானே எப்படி முதுகுல குத்திக்கும்னு ராத்திரி பூரா யோசனை."

யுனாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். இந்தத் தடவை சிரித்து வைக்கவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொகுர்யோ சாம்பல், பெக்ஜே மஞ்சள், சில்லா கருநீலம் என்று மாற்றினாள். நடுவில் தடித்த வெள்ளைக் கோடு. பிள்ளைகள் சொன்ன பிறகு அந்தந்த நாட்டின் மேலேயே பெயர் வந்து உட்காரும். அம்புக்குக் கறுப்பு. பியோனுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. இந்தக் கோடு பத்தாது, அந்தப் பெயர் கடைசி பெஞ்சுக்குத் தெரியாது என்று அவளை விடவேயில்லை. தேநீர் இரண்டு தடவை வந்து இரண்டு தடவையும் ஆறிப்போனது.

எழுந்திருக்கும்போது யுனா மெதுவாகப் போட்டுப் பார்த்தாள். "சார், அந்த ரெண்டு மார்க்கு..."

"அதை எப்படி மாத்துறது? அன்னிக்குப் பெக்ஜே இல்லதானே?"

அடுத்த வாரம் அதே வகுப்பில் அதே பாடத்தை மறுபடி தொடங்கி, புதுப் படத்தைப் போட்டாள். "பழைய படத்துல யாருக்காவது ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சுதா? இருந்தா தப்பு என் மேல, கூச்சப்படாமச் சொல்லுங்க."

தயங்கித் தயங்கி இரண்டு கைகள் எழுந்தன. ஒன்று வகுப்புத் தலைவன் தாயோலுடையது.

"டீச்சர், எனக்குக் கதையே புரியல. எல்லாருக்கும் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு, அதான் கேக்கல."

"இப்ப?"

தாயோல் படத்தை நன்றாகப் பார்த்தான். "இப்பப் புரியுது. ஆனா சில்லா செஞ்சது தப்புன்னு எனக்குத் தோணல டீச்சர். அவங்களும் வியாபாரத்துக்கு மேற்குக் கடலுக்கு வழி தேடணும்ல?"

கோங்ஜுவில், அதுவும் பெக்ஜேயின் பழைய கோட்டை ஜன்னலில் தெரிகிற வகுப்பறையில் நின்றுகொண்டு! பாதி வகுப்பு எழுந்து நின்றுவிட்டது.

"டேய், கூட்டாளிய ஏமாத்துறது உனக்கு வழி தேடுறதா?"

"உன் வீட்டுச் சாப்பாட்ட நான் புடுங்கினா சும்மா இருப்பியா?"

தாயோலும் விடுகிற மாதிரி இல்லை. நேராகத் திரைக்கே போய், மலை எங்கே, ஆறு எங்கே, கடல் எங்கே என்று கையால் காட்டிக் காட்டிச் சண்டை போட்டான். யுனா மேஜை ஓரத்தில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். மணி அடித்தபோது இன்னும் ஆறு ஸ்லைடுகள் மிச்சம் இருந்தன.